விளக்கு எந்தப் பக்கம்?

மார்ச் 3

அக்காவுக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. ஒரு பொருள் வேண்டும், அதற்காகத்தான்.

போனில் கேட்டிருக்கலாம். நீ "ஹலோ" என்றதும் எனக்குக் கத்தத் தோன்றும். உடனே நீ அந்த ஆபீஸ் குரலில் "நிதானமாப் பேசு" என்பாய். அப்புறம் நான் நிதானமாகப் பேசின மாதிரிதான். கடிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

எனக்கு வேண்டியது ஒரு போட்டோ. அம்மாவின் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே இருந்த கறுப்புப் புள்ளியை நான் என் போனில் எடுத்து உனக்கு அனுப்பினேனே, அது. அனுப்பி நாலே நிமிடத்தில் உன் பதில் வந்தது. "மச்சம்தான். தட்டையா இருக்கு. கவலைப்படாதே." அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவ பாத்துட்டாளா? அப்ப சரி" என்றாள். அதோடு விட்டாளா? வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் மக எத்தனையோ கோடி மைல் தள்ளி இருக்கற கல்லையே பாத்துச் சொல்றவ, என் முதுகைப் பாத்துச் சொல்ல மாட்டாளா?" என்று பெருமை வேறு. எட்டு மாதம் கழித்து டாக்டர் பார்த்தபோது அது தோலைத் தாண்டி உள்ளே எங்கெங்கோ போயிருந்தது. மிச்சம் உனக்குத் தெரியும். கடைசி நாளுக்கு வந்தாய், மறுநாளே கிளம்பினாய். வாசலில் வைத்து நான் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எழுதவில்லை.

என் பழைய போன், பல் பட்டறையில் பிளாஸ்டர் கலக்கிய வாளியில் விழுந்து செத்துப்போனது. அந்தப் படம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பெரிதாக அச்சுப்போட்டு அனுப்பு. அதைப் பார்த்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

படம் மட்டும் போதும். கூட விளக்கவுரை வேண்டாம்.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். திட்டியிருந்தாலும் எழுதினாயே, அது போதும்.

நீ கேட்ட படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நானும் போன் மாற்றிவிட்டேன், பழையவை எதில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

வெறும் உறையாக அனுப்ப மனம் வரவில்லை. முன்பெல்லாம் நான் செவ்வாய்ப் படங்களை அச்செடுத்து அனுப்புவேன், நீ பட்டறைச் சுவரில் ஒட்டுவாய். அந்த வழக்கத்தில் இதோ ஒன்று. இதைச் 'சல்லடை' என்று கூப்பிடுகிறோம். அங்கே ஓடுகிற ரோவர் வண்டியின் கையில், முனையில், ஒரு சின்ன கேமரா இருக்கிறது. கல்லுக்கு நாலு விரல் தூரம் வரை கொண்டுபோய் எடுப்போம். இந்தப் படத்தில் முழுதாகத் தெரிவது உன் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இருக்காது. கல் முழுக்க எப்படிக் குழி குழியாக இருக்கிறது பார். கொதித்து ஓடிய எரிமலைக் குழம்பு இறுகும்போது உள்ளே இருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறின தடம். அழகுதான், ஆனால் அங்கே இது மலிந்து கிடக்கிற சாதாரணக் கல்.

ரோவரின் படங்களை முதலில் படித்து, இது இன்னது, இதற்கு நேரம் செலவழிக்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். படம் வந்ததிலிருந்து அடுத்த கட்டளை போவதற்குள் ஐந்து மணி நேரம். அதற்குள் சொல்ல வேண்டும். இந்தக் கல்லுக்கு நான் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன்: "குழிகள். எரிமலைக் கல். மேலே போகலாம்." மறுநாளே வண்டி கிளம்பிவிட்டது. இப்போது ஐந்நூறு மீட்டர் தாண்டி இருக்கிறது.

இங்கே ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். எல்லாரும் 'புதுசு' என்றுதான் கூப்பிடுகிறோம். அன்றைக்குக் கூட்டத்தில் கையைத் தூக்கி, "இது குழியா, உருண்டையா? எனக்கு நடுநடுவுல உருண்டையாத் தெரியுது" என்றாள். "கண்ணுக்கு ஓய்வு குடு, நாளைக்குத் தெளிவாத் தெரியும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை, திரும்பத் திரும்ப அதையே பிடித்துத் தொங்கினாள். வேலை கெடுகிறது என்று அவளைக் கொஞ்ச நாளைக்கு நேர அட்டவணை போடும் மேசைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். துடிப்பான பெண்தான். பொறுமை வர வேண்டும்.

சாப்பிடுகிறாயா? பட்டறைப் புகையிலேயே கிடக்காதே. ஜன்னலைத் திறந்து வை.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

கேட்டது அம்மா முதுகு. வந்தது செவ்வாய்க் கல். நல்ல ஆள் நீ.

"தேடிக்கொண்டிருக்கிறேன்" என்கிறாய். எங்கேயோ ஒரு வண்டியை விட்டு, நாலு விரல் தூரத்தில் படம் எடுக்கிறவளுக்கு, தன் போனில் ஒரு படம் கிடைக்கவில்லை. சரி, தேடு.

கல்லைச் சுவரில் ஒட்டவில்லை. உன் மேல் அவ்வளவு பாசம் இப்போது இல்லை. மேசை விளக்கின் கழுத்தில் ஒரு துண்டு மெழுகு வைத்துச் செருகிவிட்டு வேலையைப் பார்த்தேன். மேல்வரிசைப் பல்செட் ஒன்று, அவசர வேலை. நடுநடுவே நிமிரும்போதெல்லாம் கண் அதில்தான் போனது. இரண்டு நாள் பார்த்தேன். அக்கா, இதில் குழி எங்கே இருக்கிறது? எல்லாம் உருண்டை. கடுகைக் கொட்டி மேலே பசை ஊற்றின மாதிரி உருண்டை உருண்டையாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் ஆபீசில் இதற்கா சல்லடை என்று பெயர் வைத்தார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன், மூலையில் அச்சாகியிருந்த எண் தலைகீழாக நிற்கிறது. படத்தை நான் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். எடுத்துத் திருப்பினேன். குழி! மறுபடி தலைகீழாக்கினேன். உருண்டை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இது எனக்கு நித்தியப் பாடு. வாயில் எடுத்த அச்சில் பல் பள்ளமாக இருக்கும், அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தால் பல் மேடாக இருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்தால் எது எது என்று எனக்கே குழம்பும். நம் கண் வெளிச்சம் மேலேயிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறது. விளக்கு கீழே இருந்தால் மேடு பள்ளமாகிவிடும், பள்ளம் மேடாகிவிடும். அதனால் எங்கள் பட்டறையில் யாராவது போட்டோவைக் காட்டினால் முதல் கேள்வி, "விளக்கு எந்தப் பக்கம்?" அது தெரியாமல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

உன் படத்தில் விளக்கு எந்தப் பக்கம்?

இன்னொன்று. இடது ஓரத்தில் ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு இருக்கின்றன. ஒன்றின் நிழல் மற்றதன் மேல் வளைந்து விழுகிறது. குழி எப்படி இன்னொரு குழியின் மேல் நிழல் போடும்? அந்தப் புதுசு சொன்னதில் ஏதோ இருக்கிறது. அவளை ஏன் சிரித்து அடக்கினாய்? உனக்கு அது கைவந்த கலை.

போட்டோவை அனுப்பு.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் எதுவும் எப்படியும் தெரியும். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வரும்படி திருப்பிவைத்துத்தான் பார்ப்போம். அது பத்தொன்பது வருட விதி. கேமராவின் இரண்டு பக்கமும் சின்ன விளக்குகள் உண்டு, பகலில் வெயிலே போதும், வெயில் எந்தப் பக்கம், ரோவர் கையின் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருந்தது என்பதெல்லாம் கணக்கில் இருக்கும். பல் கட்டுகிறவன் ஒருவன் மெழுகில் செருகிப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

அந்த நிழலைப் பற்றி நீ எழுதியது என்னவென்று புரியவில்லை. குழிகளின் விளிம்பு உடைந்தால் அப்படித் தெரியும்.

மார்ச் 30

மேலே உள்ளதை நேற்றே தபாலில் போட்டிருப்பேன். உறையில் ஸ்டாம்ப் கூட ஒட்டிவிட்டேன். பிறகு, உன் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே, அந்த நாளில் ரோவரின் கை அசைந்த பதிவை எடுத்துப் பார்த்தேன்.

மணிக்கட்டு அரை வட்டம் திரும்பியிருக்கிறது. கல்லின் மேல்பக்கம் ஒரு பாறை விளிம்பு நீட்டிக்கொண்டிருந்ததால் கை இடிக்காமலிருக்கத் திருப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு இணைப்பு பாதியில் அறுந்தது, படம் மட்டும் முழுதாக வந்தது, கோணப் பதிவு சாயங்காலம்தான் வந்தது. கோணம் இல்லாமல் கணினி படத்தைத் திறக்காது. அதனால் வழக்கமாக இருக்கும் எண்ணை நானே கையால் நிரப்பினேன். பதிவு வந்ததும் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தேன். சரிபார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

படத்தில் வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது. நீ சொன்னது சரி. உருண்டைகள்.

உருண்டை என்றால் கதையே வேறு. தண்ணீர் கல்லுக்குள் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இறுகின உருண்டைகளாக இருக்கலாம். அல்லது ஏதோ மோதி உருகித் தெறித்த துளிகளாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், இப்படி ஒன்று கிடைக்காதா என்றுதான் அவ்வளவு தூரம் வண்டியை விட்டோம். கல்லைத் துளைபோட்டுத் துண்டு எடுத்துவைக்கக் குழாய் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. வண்டி அதைச் சுமந்துகொண்டு இந்தக் கல்லை விட்டு ஆயிரத்து முந்நூறு மீட்டர் போய்விட்டது. அங்கே குளிர்காலம் வருகிறது. ஏப்ரல் இருபத்திரண்டுக்கு மேல் அந்தச் சரிவில் வெயில் சாய்ந்துவிடும், துளைபோடுவதற்கான சக்தி வண்டிக்குக் கிடைக்காது. இன்றைக்கே திருப்பினால் தன் தடத்திலேயே பத்துப் பதினோரு நாளில் போய்ச் சேரலாம்.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இது தெரிந்த ஒரே ஆள் நீ. படப் பிரிவுக்கு யார் தலைமை என்று பத்தாம் தேதி முடிவாகிறது. என் பெயர்தான் அடிபடுகிறது. பத்தொன்பது வருடம், தம்பி. அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் சிரித்து அனுப்பினேன். இப்போது போய், கோணத்தைக் கையால் நிரப்பினேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரிந்ததுதானே, அப்படியே இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

பல் கட்டுகிறவன் எழுதுகிறேன்.

அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய் நடந்தேன். செய்துகொண்டிருந்த பல்செட்டைச் சுவரில் அடித்திருப்பேன், ஆனால் பாவம், அது யாரோ ஒருவருடைய சிரிப்பு.

திரும்பி வந்து இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். நீ தப்பு செய்துவிட்டேன் என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது என்று அரை மணி நேரம் நிரூபித்தவள் நீ.

போய்ச் சொல். இன்றைக்கே. நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. ஏன் சொல்கிறேன் என்று கேள். இதை எழுத எனக்கு மூன்று தாள் வீணாகிவிட்டது.

அம்மாவுக்குத் தோள் வலி. கை பின்னால் போகாது. குளித்துவிட்டு வந்ததும் நான்தான் முதுகில் மருந்து தேய்ப்பேன். அந்தப் புள்ளி என் விரலில் பட்டிருக்கிறது. ஒரு தரம் இல்லை, பல தரம். தட்டையாக இல்லை, அக்கா. ஓரம் தூக்கியிருந்தது. மேலே சொரசொரப்பாக, பிளாஸ்டரில் ஒரு மணல் ஒட்டிக்கொண்ட மாதிரி. முடி கனத்துக்கு மேடு இருந்தால் என் விரலுக்குத் தெரியும், எனக்குச் சம்பளமே அதற்குத்தான். அதனால்தான் பயந்து போட்டோ எடுத்தேன். அதையாவது ஒழுங்காக எடுத்தேனா? "குளுருதுடா, சீக்கிரம் எடுத்துத் தொலை" என்றாள். பளிச்சென்று பிளாஷை நேராக அடித்து எடுத்தேன். நேராக வெளிச்சம் போட்டால் மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. பட்டறையில் நேற்று சேர்ந்தவனுக்குக் கூடத் தெரியும்.

நீ "தட்டையா இருக்கு" என்று எழுதினாய். மேடாக இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன் என்று நான் பதில் எழுதவில்லை. படம் பார்க்கிறவள் அவள், நான் யார் என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆஸ்பத்திரி, வரிசை, லீவு எதுவும் வேண்டாம். பெரியவள் சொல்லிவிட்டாள், பாரம் இறங்கியது. அதற்கப்புறமும் எட்டு மாதம் தினம் அதன் மேலேயே மருந்து தேய்த்தேன்.

இதை என் மனைவியிடம் கூடச் சொன்னதில்லை. வாசலில் உன்னைப் பார்த்து "நீதான் கொன்னே" என்று கத்தினேனே, அப்போது இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். போட்டோ ஏன் கேட்டேன் தெரியுமா? அதைப் பார்த்தால், ஒரு கண் உள்ள யாருக்கும் மேடு தெரிந்திருக்கும் என்று ஆகிவிட வேண்டும். மொத்தப் பழியையும் உன் தலையில் போட்டுவிட்டு நான் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள், நீ அடக்கினாய். என்னை யாரும் அடக்கவில்லை. நானே வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னைவிட எவ்வளவோ மேல். போய் அவளிடம் சொல்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

சொல்லிவிட்டேன். ஆனால் நீ நினைத்த நாளில் இல்லை.

பத்தாம் தேதி தலைமைப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். ஒருவர் பூங்கொத்து கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். அறைக்கு வந்து பூவை வைக்கப் பாத்திரம் தேடினேன், இல்லை, குப்பைக்கூடையில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பதினொன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகும் இரண்டு நாள் தள்ளினேன். நேற்றுக் காலைக் கூட்டத்தில் சொன்னேன்.

பதினொரு பேர் இருந்தார்கள். படத்தைத் திரையில் போட்டு, திருப்பிக் காட்டினேன். எல்லார் முகத்திலும் அந்தக் குழிகள் உருண்டைகளாக மாறுவது தெரிந்தது. முதலில் யாரோ "அடடா" என்றார்கள், சந்தோஷமாகத்தான். அப்புறம்தான் அர்த்தம் புரிந்தது.

எங்கள் திட்டத்துப் பெரியவர் கேட்டார், "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முப்பதாம் தேதி."

"மார்ச் முப்பதா?"

"ஆமா."

அவர் திட்டவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து உதட்டுக்குள்ளேயே நாட்களை எண்ணினார். "இன்னிக்கு வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்ல இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து புதுசைக் கூப்பிட்டார்கள். எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னேன். அவள் மன்னித்துவிட்டாள், கட்டிக்கொண்டோம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. "அப்ப நான் சொன்னது சரி" என்றாள். "சரி" என்றேன். "எழுத்துல குடுங்க" என்றாள். கொடுத்தேன். வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் செய்ததுதான் நியாயம்.

பொறுப்பை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் கொடுக்காவிட்டால் அவர்களே எடுத்திருப்பார்கள். வண்டியைத் திருப்பச் சொல்லிக் கட்டளை போய்விட்டது. போய்ச் சேர முப்பதாம் தேதி ஆகும் என்கிறார்கள். வெயில் இருபத்திரண்டோடு சரி. எனக்குக் கணக்குப் போடத் தெரியும், நீ போட வேண்டாம்.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றது பொய். அது தொலையவே இல்லை. போன் மாற்றினபோது முதலில் பத்திரப்படுத்தினது அதைத்தான். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அதில் மேடு தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால் நான் கொலைகாரி, தெரியாவிட்டால் தப்பித்தேன் என்று பதினைந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் அனுப்ப எனக்குப் பயம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

இன்றைக்குத் தேதி இருபத்திரண்டு. காலையிலிருந்து உன் வண்டி ஞாபகம்தான். அந்தச் சரிவில் வெயில் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்குச் சிரிக்கறதுக்குப் பல் வேணும், மாடு மாதிரி அசைபோட இல்லே" என்றார். முழுதாகப் பிரித்து மறுபடி செய்கிறேன்.

குப்பைக்கூடையில் பூ வைத்தாய் என்று படித்ததும் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அம்மா இருந்திருந்தால், "இந்த மேதாவிக்கு ஒரு சொம்பு வாங்கிக் குடுங்கடா" என்றிருப்பாள்.

என் மனைவியிடம் விரல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை மனசுல வச்சுக்கிட்டா அந்த அக்காவைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க?" என்று கேட்டாள்.

போட்டோவை அனுப்பு. இப்போது பழி போட இல்லை. அது அம்மாவின் முதுகு. எனக்குப் பழக்கமான முதுகு. என்னிடம் அவளுடைய போட்டோ நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நிற்கிறாள். அது ஒன்றில்தான் "சீக்கிரம் எடுத்துத் தொலை" என்று திட்டிக்கொண்டு இருக்கிறாள்.

வண்டி போய்ச் சேர்ந்ததா என்று எழுது.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

முப்பதாம் தேதி போய்ச் சேர்ந்தது. கல் விட்டுவந்த இடத்திலேயே இருக்கிறது, அது எங்கே போகும்? மேலே மெல்லிசாகப் புழுதி படிந்திருந்தது. கையை நீட்டுவதற்கு மட்டும் சக்தி இருந்தது. தூரிகையால் புழுதியைத் தட்டிவிட்டு, அதே இடத்தை இரண்டு தரம் எடுத்தார்கள். ஒரு தரம் இடது விளக்கு, ஒரு தரம் வலது விளக்கு. படத்தைப் படித்துச் சொன்னது புதுசு. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் கேட்டது, "விளக்கு எந்தப் பக்கம்?" உன் கேள்வியை, பல் செய்கிறவர் ஒருவர் கேட்டது என்று, நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த தாளில் போட்டிருந்தேன், அதிலிருந்து எடுத்திருக்கிறாள். உருண்டைகள்தான். இரண்டு மூன்று பாதியாக உடைந்து, உள்ளே வரிவரியாக ஏதோ தெரிகிறது. தண்ணீரா, தீயா என்று அந்த வரிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் சொல்லலாம்.

எடுக்க முடியாது. துளைபோட நாலு நாள் வெயில் வேண்டும், அது இல்லை. இப்போதே வண்டியைக் கீழே இறக்கிச் சமவெளிக்குக் கொண்டுபோகாவிட்டால் குளிரில் செத்துவிடும். இறங்கினால் மறுபடி ஏறுமா என்று யாருக்கும் தெரியாது, வண்டிக்கு வயதாகிவிட்டது. நேற்று இறங்க ஆரம்பித்தது. மார்ச் முப்பதாம் தேதியே நான் வாயைத் திறந்திருந்தால் ஏப்ரல் பத்துக்கு அங்கே இருந்திருக்கும். எனக்குப் பூங்கொத்து கொடுத்த அன்றைக்கு.

புதுசு போகும்போது என் மேசைப் பக்கம் நின்று, "அந்தப் பல் செய்யறவர் உங்க தம்பியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "அவருக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

உன் விரலைப் பற்றி எழுதியிருந்தாய். உன் மேல் தப்பில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் மறுபடி பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவள் ஆவேன். ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். "மேடா இருக்கு, தொட்டுப் பாத்தேன்" என்று நீ அன்றைக்கு எழுதியிருந்தால், உன்னையும் சிரித்து அடக்கியிருப்பேன்.

அந்த நாலு நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கூட்டத்தில் இருந்தேன். திரையில் வேறொரு கல். மேசைக்கு அடியில் போனை வைத்து, ஒரு கையால், வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தரம். பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. நாலு நிமிடம் என்று நீ நினைக்கிறாய். பார்த்தது அரை நிமிடம் கூட இருக்காது, மிச்ச நேரம் என் முறை வந்து பேசிக்கொண்டிருந்தேன்.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகவே அச்சாகியிருக்கிறது. ஓரத்தில் அம்மாவின் தலைமுடி கொஞ்சம், தோளில் இறங்கின ரவிக்கைப் பட்டை, உன் கட்டைவிரல் நுனி. நடுவில் புள்ளி. பதினாறு மாதமாகப் பார்த்தும் எனக்கு இதில் மேடும் தெரியவில்லை, தட்டையும் தெரியவில்லை. யார் பார்த்தாலும் தெரியாது.

பின்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டு, எது மேல், விளக்கு எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, நான் அன்றைக்கு உனக்கு அனுப்பியிருக்க வேண்டிய பதிலையும் எழுதினேன். "இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அம்மாவை உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ." எழுதிவிட்டுத் தேதி போடும்போது கை நின்றுவிட்டது. அன்றைய தேதியைப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. இன்றைய தேதியைத்தான் போட்டேன்.

அக்கா